என் பெயரை மட்டும் சொன்னீர்கள்

பிஷ்கெக்
4 மார்ச் 2007

சாய்கல் எஜேக்கு,

நீங்கள் என்னைக் காட்டிக்கொடுத்தீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஊரைவிட்டு வரும் வழியில், கணவாயில் டிரைவர் குபாத்தின் வண்டி பனியில் சிக்கி நின்றபோதே கோபம் உறைந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். நலம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை எதிர்பார்க்க வேண்டாம்.

தலைநகரில் தலைமை ஆசிரியர் பயிற்சி முடித்து நவம்பரில் வந்தீர்கள். பள்ளித் தலைமை என்றால் நம்பிக்கையை வளர்ப்பது என்று தாழ்வாரத்தில் அட்டை எழுதி ஒட்டினீர்கள். ஆசிரியர்களை ஒவ்வொருவராக உங்கள் அறைக்குக் கூப்பிட்டு டீ ஊற்றினீர்கள். என் முறை வந்தபோது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "இங்க பேசுறது இந்தக் கதவைத் தாண்டாது தம்பி. எனக்குப் புகழ்ச்சி வேணாம். எது சரியில்லையோ அதைச் சொல்லு."

கோக்-செங்கிர் பள்ளியில் மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். ஆள் பற்றாக்குறையால் இரண்டாம் வகுப்புக் கணக்கும் நான்தான். அதுவரை யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன். அடுப்பு மூட்டும் பெய்ஷென், கரி நன்றாக எரிந்து முடிவதற்குள் புகைக்குழாயின் தகட்டை மூடிவிடுகிறார். கரியின் மேல் இன்னும் நீலமாகச் சுடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடுகிறார். சூடு நிற்கிறது, கூடவே விஷமும் நிற்கிறது. இரண்டாவது பாடவேளையில் அல்தினாய் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவாள். "தூங்குறியா?" என்று கேட்டால், "இல்ல அகாய், தலை கனமா இருக்கு" என்பாள். குளிருக்காக சன்னல் இடுக்கில் ஒட்டிய காகிதத்தை நான் கிழித்துத் திறந்ததற்குத்தான் தாய்மார்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். எல்லாம் சொன்னேன். உங்கள் கண் கலங்கியது. "நல்லது பண்ண தம்பி" என்றீர்கள், எஜே என்ற சொல்லுக்கேற்ற அக்காவாக.

பிறகு பிப்ரவரிக் கூட்டம். பயிற்சியால் என்ன விளைந்தது என்று பார்க்க மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருந்தான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றீர்கள். "நம்ம பள்ளியில நம்பிக்கை எப்படி வளருதுன்னு பாருங்க! எர்மெக் தம்பி யாருக்கும் பயப்படாம எங்கிட்ட வந்து அடுப்புல இருக்கிற குறையைச் சொன்னாரு. எல்லாரும் இவரை மாதிரி இருக்கணும்." தங்க நிறக் கரை போட்ட பாராட்டுப் பத்திரம் வேறு. 'திறந்த மனதுக்காக.' எல்லோரும் கை தட்டினார்கள். பின்னால் கரி அள்ளும் முறத்தோடு நின்ற பெய்ஷென் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார்.

என் பெயரைச் சொன்னீர்கள். அவர் பெயரைச் சொல்லவில்லை. தகடு தானாகவே மூடிக்கொண்டதுபோலப் பேசினீர்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அவர் உங்கள் கணவரின் அண்ணன். நீங்கள் அந்த ஊருக்கு மருமகளாக வந்த நாள் முதல் அவர் பெயர் உங்கள் வாயில் வந்ததில்லை. 'பெய்ஷெம்பி' என்றால் அவர் பெயரோடு ஒலி ஒட்டுகிறது என்று வியாழக்கிழமையைக்கூட 'வெள்ளிக்கு முந்தின நாள்' என்பீர்கள். கால அட்டவணை வாசிக்கும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அது வேடிக்கை என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் முடிந்து நான் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா ரொட்டி எடுத்து வைக்கவில்லை. "உங்களுக்குத்தான் பத்திரம் கிடைச்சிருக்கே, அதைத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள். என் வகுப்புக்குக் கரிக்குப் பதில் கரித்தூள் வந்தது. பெய்ஷெனின் மகன்கள் வழியில் நிறுத்தினார்கள். அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்கள்: "எங்கப்பாவைப் பத்தி இன்னும் என்ன பாக்கி இருக்கு அகாய்? எங்ககிட்டயே சொல்லிடுங்க. உங்க எஜே வீடு வரைக்கும் எதுக்கு நடக்கணும்?" சக ஆசிரியர்கள் நான் உள்ளே வந்தால் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

பத்திரத்தை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. அப்போது தகடு திறந்துதான் இருந்தது.

இங்கே சந்தையில் வண்டி தள்ளுகிறேன். திரும்பி வரமாட்டேன். அந்தத் தகட்டை மட்டும் ஏதாவது செய்யுங்கள்.

எர்மெக்

*

கோக்-செங்கிர்
22 மார்ச் 2007

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நெஞ்சுச் சளி விட்டதா? அந்த மெல்லிய கோட்டோடுதான் போனாய் என்று கேள்விப்பட்டேன். நூருஸ் புத்தாண்டு வந்துவிட்டது. ஊரெல்லாம் சேர்ந்து முளைகட்டிய கோதுமையில் சுமோலோக் கிண்டினோம். ஒரு ஜாடி குபாத்திடம் கொடுத்திருக்கிறேன், மூடி சரியில்லை, நிமிர்த்தியே வைக்கச் சொன்னேன். அவன் எங்கே கேட்கப்போகிறான்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்க எடுத்து, மடித்து வைத்துவிட்டேன். பெரிய வார்த்தை எழுதிவிட்டாய், தம்பி. காட்டிக்கொடுப்பது என்றால் கெட்ட எண்ணம் வேண்டும். என்னிடம் அது இருந்ததா?

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள்: நல்லதை எல்லோர் முன்னாலும் பாராட்டு, குறையைத் தனியாகச் சொல். சொன்னதை அப்படியே செய்தேன். உன்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன். அவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். உன்னைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறப்பார்கள் என்று நம்பினேன். அந்தக் கைதட்டலைக் கேட்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

தனியாகச் சொன்னீர்களா என்று கேட்பாய். மருமகள் போய்ப் பெரியவர் முன்னால் நின்று, நீங்கள் செய்வது தப்பு என்று எப்படிச் சொல்வது? அவர் மனைவியிடம் சொன்னேன். அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்து அவர் பதிலைச் சொன்னாள்: "இத்தனை வருஷமா மூடுறேன், யாரு செத்தா?"

அவர் கெட்டவர் இல்லை. உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை, உனக்குச் சொன்னால் புரியுமா தெரியாது. என் வீட்டுக்காரர் ரஷ்யாவுக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு வந்தவர்கள் சொல்லும் செய்தி வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. என் மாட்டுக்குப் புல் அறுத்தவர் பெரியவர். சின்னவனுக்குக் குடல் முறுக்கிக்கொண்ட குளிர்காலத்தில் அவனைக் குதிரையில் முன்னால் உட்காரவைத்துத் தன் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு கணவாயைத் தாண்டியவர் அவர். அவர் கரியைத் திருடுகிறாரா என்ன? மாவட்டம் அனுப்புவது பாதி, அதிலும் பாதி மண். பிள்ளைகள் மாலைப் பாடம் வரைக்கும் விறைக்காமல் இருக்கட்டும் என்றுதான் மூடுகிறார்.

இப்போதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு டீ கொடுக்கிறேன். எல்லோரும் ஒரே பதில்: "எல்லாம் நல்லா இருக்கு எஜே." நீ இருந்தபோது ஒருவனாவது சொன்னான்.

திரும்பி வா, தம்பி. உன் இடம் காலியாகவே இருக்கிறது.

உன் எஜே,
சாய்கல்

*

பிஷ்கெக்
14 மே 2007

சாய்கல் எஜேக்கு,

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் உண்டாகட்டும். சின்னவனின் வயிறு இப்போது எப்படி இருக்கிறது?

நீங்கள் பயந்தபடியே ஜாடியைப் படுக்கவைத்துத்தான் குபாத் கொண்டுவந்தான். பாதி சுமோலோக் யாரோ ஒரு பெண்ணின் மாவு மூட்டைக்குப் போய்விட்டது. மீதியை விரலால் வழித்துத் தின்றோம். நான் மட்டும் இல்லை. சந்தையில் எங்கள் வாசலில் வண்டி தள்ளுகிறவர்களில் ஒருவர் சரித்திர ஆசிரியர், ஒருவர் இசை ஆசிரியர். மற்ற கூலிகள் அந்த இடத்துக்கு 'ஆசிரியர் அறை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தன் தினமும் காலையில் கேட்பான்: "என்ன வாத்தியாருங்களா, மணி அடிச்சாச்சா? மூட்டையைத் தூக்கலாமா?" இசை ஆசிரியர் 'வழி, வழி' என்று கத்துவது மட்டும் சுருதி சேர்ந்து வரும். நாட்டுக்கு நாங்கள் இப்படித்தான் பயன்படுகிறோம்.

போன கடிதத்தில் வார்த்தை முரட்டுத்தனமாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன், தவறு என்று சொல்லவில்லை. ஆனால் குதிரையில் உங்கள் மகனைக் கொண்டுபோன கதை எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். இதில் நீங்கள் யார் பெயரையும் சொல்ல வேண்டாம், யாரிடமும் குறை சொல்ல வேண்டாம். தகட்டின் நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். முழுக்க மூடினாலும் அதன் வழியாகப் புகை போய்விடும். சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நாலு அடுப்புக்கும் நாலு தகடு. டிராக்டர் கொட்டகை வெல்டர் கெட்டில் கொதிப்பதற்குள் செய்துவிடுவான். கோடையில் பெரியவர் மந்தையோடு மேய்ச்சலுக்கு மேலே போய்விடுவார் இல்லையா? பள்ளி காலியாக இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் துரு தின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். திரும்பி வருவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

எர்மெக்

*

கோக்-செங்கிர்
8 அக்டோபர் 2007

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு காலம் பதில் போடாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். திட்டு. உருளைக்கிழங்கு எடுத்து முடிக்கும் வரை இங்கே யாருக்கும் பேனா கையில் நிற்காது என்று உனக்குத் தெரியும்.

புது ஆசிரியை வந்திருக்கிறாள். பெரிசாத். கல்லூரி முடித்து நேராக இங்கே. மூன்றாம் வகுப்பு அவளுக்கு, உன் பழைய பிள்ளைகள்தான். முதல் நாளே அல்தினாய் அவளிடம், "எர்மெக் அகாய் சன்னலைக் கிழிச்சுட்டு ஓடிப்போயிட்டாரு" என்று உன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டாள். கையெழுத்து அழகாக வருகிறது அவளுக்கு. முன்பல் இரண்டும் விழுந்திருக்கின்றன.

ஓட்டை விஷயம். நீ நல்ல வழிதான் சொன்னாய். கோடையில் செய்திருக்க வேண்டும். ஜூனில் வெல்டர் ஊரில் இல்லை. ஜூலையில் புல் அறுப்பு. ஆகஸ்டில் பெரியவர் வீட்டுக் கல்யாணம், நான் அங்கே அடுப்படியிலேயே கிடந்தேன். அந்தக் கல்யாணச் சோற்றைத் தின்றுகொண்டே அவருக்குத் தெரியாமல் அவர் அடுப்பை வெட்டுவதா என்றும் ஒரு நாள் தோன்றியது. அப்படியே போய்விட்டது. இப்போது கரி வந்திறங்கிவிட்டது, போன வருடத்தைவிடக் குறைவு. இந்த மாதத்துக்குள் எப்படியும் செய்துவிடுவேன்.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? போன வாரம் கோட்டு மாட்டும் அறையில் நின்றிருந்தேன். தாழ்வாரத்தில் நம் ஆசிரியைகள் பெரிசாத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "பொண்ணே, டீ கொடுத்தா குடி. பழம் கொடுத்தா தின்னு. ஆனா அந்த எஜேகிட்ட எதையும் சொல்லிடாத."

"ஏன், திட்டுவாங்களா?"

"திட்டுனா பரவாயில்லையே. பாராட்டிடுவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல கேலிதான். என்னைப் பற்றியதாக இல்லாமல் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர்கள் போகும்வரை கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளியில், தம்பி, நான் ஒளிந்து நின்றேன்.

கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறேன். வருகிறார்கள், என் உலர்ந்த பழத்தைப் புகழ்கிறார்கள், போகிறார்கள். நீ வந்தால் இது மாறும். வசந்தத்திலாவது வா.

உன் எஜே,
சாய்கல்

*

பிஷ்கெக்
11 நவம்பர் 2007

சாய்கல் எஜேக்கு,

வசந்தத்தில் வருகிறேன். முதுகு வண்டிக்குச் சம்மதிக்கவில்லை என்பது ஒரு காரணம். அல்தினாயின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம், நீங்கள் கோட்டுகளுக்கு நடுவில் நின்றதை எனக்கு எழுதினீர்கள். அதை எழுதுகிற மனுஷியோடு வேலை செய்யலாம் என்று தோன்றியது.

அந்த மாதம் முடிந்துவிட்டது. ஓட்டை போட்டாயிற்றா? அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே. பெரிசாத்திடம் சன்னலைக் காகிதத்தால் ஒட்ட வேண்டாம் என்றாவது சொல்லுங்கள். காரணம் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். என் பெயர்தான் ஏற்கெனவே கெட்டுவிட்டதே.

எர்மெக்

*

கோக்-செங்கிர்
19 டிசம்பர் 2007

தம்பி,

அல்தினாய் போய்விட்டாள்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடுங்குளிர். காலையிலேயே அடுப்பு மூட்டியாயிற்று. முதல் பாடவேளை முடிந்து மணி அடித்தது, மூன்றாம் வகுப்பிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. சத்தம் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. ஒழுங்காகப் படிக்கிறார்கள் என்று நானே நினைத்தேன். பிறகு கதவைத் திறந்தவர்கள் கத்தினார்கள். பிள்ளைகள் மேசைமேல் தலை வைத்திருந்தார்கள். பெரிசாத் சன்னலுக்குக் கீழே கிடந்தாள், நகத்தில் கிழிந்த காகிதம். எல்லோரையும் பனியில் கொண்டுபோய்க் கிடத்தினோம். ஒவ்வொருவராக வாந்தி எடுத்தார்கள், அழுதார்கள். அல்தினாய் அழவில்லை.

நான்கு பிள்ளைகள் மாவட்ட ஆஸ்பத்திரியில். பிழைத்துவிடுவார்கள் என்கிறார்கள்.

பெரிசாத்தைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஒரு வாரமாகவே தலைவலி இருந்ததாம். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதான் வந்தேன் எஜே. நீங்க டீ ஊத்துனீங்க" என்றாள்.

விசாரணைக் குழு வந்தது. குளிருக்காக ஆசிரியைதான் தகட்டை மூடினாள் என்று யாரோ சொன்னார்கள். அடுத்தவர் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பெரிசாத்துக்கு எதுவும் நினைவில்லை. "நானா இருக்குமோ எஜே?" என்று என்னையே கேட்கிறாள். என்னிடமும் கேட்டார்கள். நான் என் அறையில் இருந்தேன் என்று சொன்னேன். அது உண்மை.

ஓட்டை போடவில்லை, தம்பி. வெல்டரிடம் இரண்டு முறை சொல்லப் போய், இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டு வந்தேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். யாராவது உன்னைத் தேடி வந்தால், போன வருடம் நீ சொன்னதைப் பேசாதே. பெரியவர் அன்றிலிருந்து ரொட்டி தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இந்த வயதில் சிறைக்குப் போனால் திரும்பி வரமாட்டார். பெரிசாத் சின்னப் பெண். சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று குழுத் தலைவர் சொன்னார். இனிப் பள்ளியில் வேலை செய்ய முடியாது, அவ்வளவுதான் என்றார். வேறு ஏதாவது வேலை செய்துகொள்வாள்.

போன பிள்ளை திரும்பி வராது.

சாய்கல்

*

மாவட்டத் தலைநகர்
13 ஜனவரி 2008

சாய்கல் எஜேக்கு,

'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப்போல அவளும் வண்டி தள்ளட்டும், இல்லையா? எங்கள் வாசலில் ஆசிரியர் அறையில் இன்னும் இடம் இருக்கிறது.

நான் இங்கே வந்து நான்கு நாள் ஆகிறது. புலனாய்வாளனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எழுதக்கூட இல்லை. "நீ அங்க சண்டை போட்டுட்டு ஓடுன ஆளுதானே? உனக்கு அந்தக் கிழவன்மேல காண்டு. நீ சொன்னதுக்கு யாரு சாட்சி?" என்றான். ஊருக்குப் போனேன். உங்கள் வீட்டுக் கதவையும் தட்டினேன். நாய் மட்டும் குரைத்தது, அடுப்புக் குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களிடம் கேட்டேன். "எந்தக் கூட்டம்? பத்திரமா, யாருக்கு?" என்றார்கள். என்னை அவ்வளவு பலமாகக் கைதட்டிப் பாராட்டியவர்கள், எஜே. அந்தப் பத்திரத்தை எரிக்காமல் வைத்திருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தேன்.

குழு வந்த அன்று ஆடு அறுத்தது யார் வீட்டில் என்றும் கேள்விப்பட்டேன். பெரிய விருந்தாளிக்குரிய தலையைக் குழுத் தலைவர் முன்னால் வைத்தார்களாம். காதை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாராம். செத்த பிள்ளை வீட்டில் துக்கத்துக்கு ஒரு ஆடு, மூடியவர் வீட்டில் ஒரு ஆடு. மரியாதை இரண்டு பக்கமும் குறையவில்லை. நீங்கள் எந்தப் பந்தியில் பரிமாறினீர்கள்?

அல்தினாயின் அப்பாவைப் பார்த்தேன். லாயத்தில் ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தார். "யாரையும் அடிக்கப்போறதில்ல தம்பி. வழக்கும் எனக்கு வேணாம். யாரு மூடுனதுன்னு தெரியணும், அவ்வளவுதான். இந்த ஊருல ஒருத்தரும் சொல்லமாட்டேங்குறாங்க. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் சொல்லமாட்டேங்குறாங்க" என்றார். நான் சொன்னேன். "நீ சண்டை போட்டுட்டுப் போன ஆளு" என்றார். அவரும்.

பார்த்தீர்களா, நான் பெயர் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் தேய்ந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்தால் அது பகை. நீங்கள் சொன்னால்தான் அது உண்மை. வாழ்நாளெல்லாம் நீங்கள் சொல்லாமல் இருந்த பெயர் என்று ஊருக்கே தெரியும். மருமகள் வாயைத் திறந்து அதைச் சொன்னால், பொய் சொல்கிறாள் என்று எவனும் சொல்ல முடியாது.

பெரியவர் ஜெயிலில் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் குதிரையில் கொண்டுபோன பிள்ளை உயிரோடு இருக்கிறான், அதுவும் உண்மைதான், அதையும் சொல்லுங்கள். மாவட்டம் மண்ணை அனுப்பியதைச் சொல்லுங்கள். நான் உங்களிடம் சொன்னதை, நீங்கள் செய்யாததைச் சொல்லுங்கள். என் பங்கும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் எதையும் செய்யாத ஒரு பெண், தான் செய்ததாக நம்பத் தொடங்கிவிட்டாள். இங்கே அவளைப் போய்ப் பார்த்தபோது என்னிடம், "கை சூடா இருந்த மாதிரி ஞாபகம் வருது அகாய், தகட்டைத் தொட்டிருப்பேனோ?" என்றாள். அவளை அப்படியே விட்டுவிடுவீர்களா?

குபாத் இதை உங்கள் கையில் கொடுப்பான். இரண்டு நாளில் திரும்புகிறான். பதிலை அவனிடமே கொடுங்கள்.

எர்மெக்

*

மாவட்டத் தலைநகர்
10 பிப்ரவரி 2008

சாய்கல் எஜேக்கு,

பதில் இல்லை. குபாத்திடம் கேட்டேன். "கையிலதான் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. பிரிக்கல. கோட்டுப் பையில வெச்சுக்கிட்டு, உள்ள வா, டீ குடிச்சுட்டுப் போன்னாங்க" என்றான். குடித்தானாம். நல்ல டீ என்றான். அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டான், வெறுங்கையோடு.

கோர்ட்டில் விசாரணை இந்த வாரம். எந்த நாள் தெரியுமா? வெள்ளிக்கு முந்தின நாள்.

பெரிசாத்தின் அம்மா வந்திருக்கிறாள். மகளுக்குப் பின்னால் உட்கார ஒரு நல்ல சால்வை யாரிடமோ இரவல் வாங்கியிருக்கிறாள். அல்தினாயின் அப்பா வருவார். பள்ளித் தலைவி என்ற முறையில் உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்பார்கள். நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள் என்பது அல்ல அந்தக் கேள்வி.

உங்கள் தாழ்வாரத்தில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறதாம், நம்பிக்கையைப் பற்றி. நவம்பரில் கதவைச் சாத்திவிட்டு, எது சரியில்லையோ அதைச் சொல்லு என்று என்னிடம் கேட்டீர்கள். நான் சொன்னேன். இப்போது நான் கேட்கிறேன். கதவு திறந்தே இருக்கட்டும், எல்லோரும் கேட்கட்டும்.

அன்று காலை அடுப்பின் தகட்டை மூடியவர் யார்? சுற்றிவளைக்க வேண்டாம், பெரியவர் என்று வேண்டாம். குபாத் நாளை வருகிறான். அவனுக்கு டீ வேண்டாம். இந்தத் தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அதிலேயே எழுதி அனுப்புங்கள்.

அவர் பெயர் என்ன, எஜே?

எர்மெக்